0417க்கு இரண்டு சீட்டு

சுங்கை சிப்புட்டில் மழை வந்தால்
ஆப்பீஸ் கூரை முதலில் பேசும்,
பிறகுதான் பிரிண்டர்.
நாளை சம்பளம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஒன்பதாயிரம் எடைச்சீட்டு,
நான் ஒருத்தி, ஆறிப்போன கோப்பி.

முதலில் எழுதியது மூடத்தனம்.
ஒவ்வோர் ஆளுக்கும்
ஏட்டின் தலையிலிருந்து வால்வரை நடந்து
அவன் சீட்டைப் பொறுக்கி வா என்றேன்.
நடந்தது,
இருபத்தெட்டு லட்சம் அடி.
அதற்குள் எடைப்பாலத்தில்
மூன்று லோரி ஏறி இறங்கிவிட்டன.

ஸ்டைல்ஷீட்டின் நெற்றியில்
எந்த வார்ப்புக்குள்ளும் அடங்காத இடத்தில்
ஒரு சாவி செய்தேன்.
அதற்கு மூன்று பதில் போதும்:
உன் பெயர் என்ன,
எதை அடுக்குகிறாய்,
எதைப் பார்த்து அடுக்குகிறாய்.
பெயர் குலை.
அடுக்குவது எடைச்சீட்டு.
பார்ப்பது ஆள் எண்.
ஒரே முறை ஏடு முழுக்க நடந்து
எண்ணுக்கு ஒரு குவியல் கட்டி வைத்துவிடும்.
அப்புறம் நடை இல்லை, கேட்டால் கிடைக்கும்.

கேட்டேன்.
எல்லாருக்கும் சுழியம்.

பால் பிடிக்காத நெல்லுக்கும்
சாவி என்றுதான் பெயர்.
என் சாவி சாவியாகிக் கிடந்தது,
பிழை என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல்.

எண்ணின் வாலில் இடைவெளி ஏதும்
ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
அதற்கு 417 வேறு ஆள், 0417 வேறு ஆள்,
எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.
போயின. எல்லாம் ஒத்துப்போயின.
வோல்டேஜ் இறங்கி விளக்கு சிமிட்டியது.
வாட்ச்மேன் சிவபாக்கியம் எட்டிப் பார்த்து
இன்னுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்தரைக்கு விளங்கியது.
நிற்கிற ஏட்டில்தான் சாவி தேடும்.
நான் நின்றதோ ஆள்பட்டியலில்,
குலைகள் கிடப்பது எடையேட்டில்.
இந்த லயத்து வாசலில் நின்றுகொண்டு
அந்த லயத்துக் கோழியைக் கூப்பிட்ட கதை.

எடையேட்டுக்குள் காலை வை,
பிறகு கேள்.
ஆனால் உள்ளே நுழைந்ததும்
யாருக்காக வந்தோம் என்பது நழுவிவிடும்.
ஆகவே வாசலிலேயே
எண்ணை ஒரு மாறியில் போட்டு
மடியில் முடிந்துகொண்டு போ.

போனேன். கொட்டியது.
தாள் சூடாக வந்து விழ விழ
எண்ணிக்கொண்டே இருந்தேன்:
முந்நூற்றுப் பதின்மூன்று.

0417, ரஃபிகுல், முப்பத்தொன்பது டன்.
0417, குப்புராசு, முப்பத்தொன்பது டன்.
தேதிக்குத் தேதி அதே குலை,
அதே இருபத்தாறாம் தேதி லீவு.

சாவியைக் குறை சொல்ல முடியாது.
ஓர் எண்ணுக்கு ஓர் ஆள்தான் என்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை.
இரண்டு பேர் வந்து கேட்டால்
இரண்டு பேருக்கும் முழுக் குவியலைக் காட்டும்.
குப்புராசு போன மறுமாதமே
மேனேஜர் அந்த எண்ணைத் தூக்கி
புதிதாய் வந்த பங்களாதேஷ் பையனுக்குக் கொடுத்தார்.
பழைய ஆளின் வரிசையில்
விலகிய நாள்: காலி.
நிரப்ப வேண்டிய கிராணி நான்தான்.

அவன் விலகவில்லையே, காணாமல் போனான்.
ஜோகூர் பஸ் ஏறியதைப் பார்த்தேன் என்றான் ஒருவன்,
கேமரன் மலையில் தக்காளித் தோட்டம் என்றான் இன்னொருவன்.
செம்பனை வெட்டும் அரிவாளை
ஷெட்டில் எண்ணெய் பூசி மாட்டியிருந்தான்,
அது ஒன்றுதான் ஒழுங்கு.
மூன்று வருஷம்.
எந்தத் தேதியைப் போடுவது?

இனி விலகிய நாள் உள்ளவருக்குச் சீட்டு வேண்டாம்
என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன்.
கட்டம் மட்டும் திறந்து கிடந்தது.
கர்சர் துடித்தது.

அவன் என்னிடம் பதினோரு ரிங்கிட்
கைமாற்று வாங்கிய நாள்
எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.
அதையே அடித்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.